ஒரே குடைக்கு இரண்டு வர்ணம்

பூவையும் பறவையையும் வர்ணத்தைக் கொண்டே அடையாளம் சொல்லிப் பழகிய நம் கண், காட்டுக் காளானிடம் வந்ததும் அதே பழக்கத்தைத் தொடருவதில் ஆச்சரியமில்லை. ஆனால், விடியற்காலையில் பனி ஈரத்தோடு நின்றபோது ஆழ்ந்த லவங்கப்பட்டை நிறமாயிருந்த ஒரு குடை, உச்சிப்பொழுதுக்குள் காற்றும் வெயிலும் பட்டு வெளிறிய வைக்கோல் நிறமாகி, மாலையில் ஒரு தூறல் விழுந்ததும் மறுபடியும் பழைய நிறத்துக்கே திரும்பிவிடுமானால், இவற்றுள் எந்த வேளையின் நிறத்தை அதன் நிறம் என்று ஏட்டில் குறித்துக்கொள்வது? ஒரே நாளில் மூன்று பேர் மூன்று வேளைகளில் அதே மரக்கட்டையின் அருகே போய் நின்றால், உச்சிப்பொழுதில் வந்தவர் மற்ற இருவரும் கண்டதல்லாத வேறொரு காளானைக் கண்டதாகவே சத்தியம் செய்வார். மூவர் சொல்வதிலும் பொய் இராது.

ஈரத்தின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப வர்ணம் மாறும் இந்தச் சுபாவத்தை ஹைக்ரோபேனஸ் என்ற சொல்லால் காளான் சாஸ்திரக்காரர்கள் குறிக்கிறார்கள். ஏதோ அபூர்வமான ஓரிரு வகைகளுக்கு மட்டும் வாய்த்த விசித்திரம் இது என்று நினைத்துவிட வேண்டாம். மெல்லிய சதையும், தொட்டால் ஒடியும் காம்பும் கொண்ட ஸாதைரெல்லாக்கள், புல்தரையிலும் சாணத்திலும் முளைக்கும் பனியோலஸ்கள், பாசிக்கிடையே தலை நீட்டும் கலெரினாக்கள், மணி வடிவத்துச் சிறு மைசீனாக்கள், கார்ட்டினேரியஸ் என்ற பேரினத்தில் ஒரு பெரும்பகுதி ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் குணம் உண்டு. இவற்றை இனம் பிரிக்கப் புகும் ஆரம்பக்காரர் வர்ணம் நிலைக்கவில்லையே என்று அலுத்துக்கொள்வதும், வர்ணத்தை நம்பவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடுவதும் சகஜம். இரண்டாவது முடிவு முதலாவதை விடப் பத்திரமானதுதான். எனினும் அதுவும் முழு உண்மை அன்று. வர்ணம் எது என்பதை விட, அது எப்படி மாறுகிறது, எந்தத் திசையிலிருந்து மாறுகிறது, மாறிய பின் எதுவரை வெளிறுகிறது என்பவையே இவ்வகைக் காளான்களின் லட்சணம். நின்ற நிலையில் அவற்றைப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது பாதி அடையாளந்தான். காய விட்டுப் பார்க்கிறவருக்கே மற்ற பாதி கிட்டும்.

மாற்றத்தின் சூட்சுமம் ரசாயனத்தில் இல்லை, ஒளியில் இருக்கிறது. காளானின் சதை, நுண்ணிய இழைகள் பின்னிப் பிணைந்து இடையிடையே வெளி விட்டு அமைந்த ஒரு நெசவு. அந்த வெளிகளில் நீர் நிறைந்திருக்கும் வரையில், இழைச் சுவருக்கும் நீருக்கும் ஒளியை வளைக்கும் தன்மையில் பெரிய பேதம் இல்லாததால், ஒளி அதிகம் சிதறாமல் ஆழத்துக்குப் போய், அங்குள்ள நிறமிகளால் பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடுகிறது; எஞ்சி வெளிவருவது அடர்ந்த நிறமாகத் தெரிகிறது. நீர் வற்றி அதன் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டாலோ நிலைமை தலைகீழாகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33; காற்றினுடையது ஏறக்குறைய 1. இழையும் காற்றும் சந்திக்கும் ஆயிரமாயிரம் எல்லைகளில் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்து வெளியே திருப்பி அனுப்ப, குடை வெளிறி, ஒளி ஊடுருவாததாகிவிடுகிறது. பலகாரக் கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கறுத்து, அதன் வழியே அடுத்த பக்கத்து எழுத்து தெரிவதும் இதே நியாயத்தால்தான்.

காகிதத்தில் அடுத்த பக்கத்து எழுத்துத் தெரிவது போலவே, நனைந்த குடையின் ஓரத்தில் அடிப்புறத்துச் செவுள்கள் மேலே கோடு கோடாகத் தெரியும். தேர்ந்த கண்ணுக்கு இந்தக் கோடுகளே முதல் எச்சரிக்கை: இது நீரை ஏந்தி நிற்கும் குடை, இன்னும் சில நாழிகையில் இதன் முகம் மாறும் என்று அவை சொல்லிவிடுகின்றன. காய்ந்ததும் கோடுகள் மறைந்து, மேற்பரப்பு ஒரே சீராக மங்கிப்போகும். நிறமி அழிந்து நிறம் போனதல்ல என்பதற்குச் சாட்சி, காய்ந்த குடையை நீரில் நனைத்தால் பழைய நிறம் திரும்புவது. கைபட்டாலோ கீறினாலோ கண்ணெதிரே நீலமாகிவிடும் சில பொலீட்டஸ் காளான்களை இங்கே சேர்த்து எண்ணக் கூடாது. அங்கே நடப்பது, சதைக்குள் அடங்கியிருந்த ஒரு பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி வேறொரு பொருளாவது. நனைத்தாலும் உலர்த்தினாலும் முன்னிருந்த நிறம் மீளாது.

எல்லாக் குடைகளும் ஒரே விதமாய்க் காய்வதில்லை என்பதுதான் இனம் காண்பவருக்குக் கிடைத்த அனுகூலம். சிலவற்றில் ஈரம் நடுமுகட்டிலிருந்து வற்றத் தொடங்கி ஓரத்தை நோக்கி இறங்கும். அப்போது நடுவே வெளிறிய வட்டமும், அதைச் சுற்றிக் கறுத்த கரையுமாகக் குடை இரண்டு நிறத்தில் நிற்கும். வேறு சிலவற்றில் ஓரம் முந்திக்கொண்டு, நடு மட்டும் கடைசி வரை கறுத்திருக்கும். இன்னும் சில, ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாகவோ ஆரை ஆரையாகவோ வெளிறும். தொழு உரக் குவியலில் முளைக்கும் ஒரு பனியோலஸ், நடு காய்ந்து ஓரத்தில் மட்டும் கறுத்த அரைஞாண் கட்டியது போல் நிற்கும் பாவனையிலேயே தன்னை அறிவித்துக்கொள்கிறது.

வர்ண மாற்றம் கண்ணைக் கட்டுவதற்கு மிக அழகான உதாரணம் லக்காரியா அமெதிஸ்டினா. ஐரோப்பிய பீச் மரக் காடுகளில் இலைச் சருகின் நடுவே முளைக்கும் இச்சிறு காளான், மழை பெய்த மறுநாள் உச்சி முதல் அடி வரை அடர்ந்த ஊதாவாக, காட்டிலே யாரோ வர்ணம் பூசிவிட்டுப் போனாற்போல் இருக்கும். வறண்ட வாரத்தில் அதே இடத்துக்குப் போனால், சாம்பல் பூத்த வெளிறிய குடைகளைப் பார்த்துவிட்டு, ஊதாக் காளான் எங்கே போயிற்று என்று தேடுவோம். அடையாளம் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. குடையைப் புரட்டினால், தடித்து, ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த செவுள்களில் ஊதா நிறம் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். ஈரமான வேளையில் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு. முள்ளங்கி வாசனை வீசும் மைசீனா ப்யூரா ஒன்று; அதுவும் ஈரத்தோடு நிறம் மாறும் இனமே. மற்றது, பட்டுப்போன்ற இளம் ஊதாக் குடையுடைய ஓர் இனோசைபி. மஸ்கரைன் என்ற விஷத்தைக் கொண்டது. தின்றவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே வியர்வையும் உமிழ்நீரும் கண்ணீரும் பெருக்கெடுத்து, நாடி தளரும். அட்ரோபீன் என்ற மாற்று மருந்து இருப்பது ஓர் ஆறுதல். வெண்ணிற வித்துத்தூளை உதிர்ப்பது லக்காரியா. இனோசைபியின் தூளோ பழுப்பு. ஈரம் தொடாத, மழையோ வெயிலோ மாற்றாத சாட்சி இந்தத் தூள் ஒன்றே.

புல்வெளியில் வட்டம் வட்டமாய் முளைக்கும் மராஸ்மியஸ் ஓரியேட்ஸின் கதை இன்னொரு விதம். நனைந்தபோது இளஞ்செம்பழுப்பும், காய்ந்தபோது வெண்பாலேடுமாக மாறும் இது, சுருங்கி வற்றிய பிறகும் ஒரு மழையில் நிமிர்ந்து மறுபடியும் வித்துப் பரப்பக் கூடியது. அதன் உடலில் மிகுதியாய் உள்ள ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை, உலர்ச்சியிலிருந்து இழைகளின் உயிரணுக்களைக் காப்பாற்றுவதே இதற்குக் காரணம் எனக் கண்டிருக்கிறார்கள். சமையலுக்கு உகந்தது என்று பெயர் பெற்ற இக்காளான் முளைக்கும் அதே புல்தரையில், சில சமயம் அதே வட்டத்தருகே, மஸ்கரைன் நிறைந்த க்ளிட்டோசைபி ரிவுலோஸாவும் முளைக்கும். அதுவும் ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தால் ஒரு நிறம். காய்ந்த நிலையில் இரண்டு குடைகளையும் மேலிருந்து பார்த்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை. செவுள்கள் தள்ளித் தள்ளி அமைந்து, காம்பு வளைத்தாலும் ஒடியாமல் இருப்பது மராஸ்மியஸ். செவுள்கள் நெருங்கி, காம்பின் மேல் சற்றே இறங்கி ஓடுவது மற்றது.

இப்படி மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை ஏட்டில் எப்படிப் பதிவது என்பது காளான் நூலாசிரியர்களை நெடுங்காலம் வாட்டிய பிரச்னை. 1821-இல் தம் பெருநூலின் முதற்பாகத்தை வெளியிட்டு, இத்துறைக்கு அஸ்திவாரம் போட்ட ஸ்வீடன் தேசத்து எலியாஸ் ஃப்ரீஸ், கார்ட்டினேரியஸ் பேரினத்தைப் பகுத்தபோது, நீரேற்று நிறம் மாறும் சுபாவத்தையே ஆதாரமாகக் கொண்டு ஒரு பிரிவை அமைத்தார். அமெரிக்காவில் பறவை நிபுணர் ராபர்ட் ரிட்ஜ்வே 1912-இல் வெளியிட்ட வர்ண அகராதி, 1,115 நிறங்களுக்கு மாதிரித் துண்டும் பெயரும் கொடுத்தது. காளான் ஆராய்ச்சியாளர்கள் அதைக் காட்டுக்குக் கொண்டு போய்க் குடையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். துண்டு மாறாது, குடை மாறும் என்பதால், ஒரே மாதிரிக்கு இரண்டு நிறங்களை, ஈரத்தில் இன்னது, வெளிறிய பின் இன்னது என்று, எழுத வேண்டியிருந்தது. மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஸ்மித், வட அமெரிக்க ஸாதைரெல்லாக்களைப் பற்றி 1972-இல் வெளியிட்ட பெருநூலைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் இந்த இரட்டைக் குறிப்புகளைக் காணலாம். அதைப் பொறுமையின் காவியம் என்பேன்.

உலர்ந்த மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு காளானைத் தெரிந்துகொள்ள முயன்றவர்களின் சங்கடத்துக்கு நம் அண்டையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் த்வெயிட்ஸ் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காளான்களை, பெர்க்லி, ப்ரூம் என்னும் இருவர் அங்கிருந்தபடியே ஆராய்ந்து, 1870-களில் இலங்கைக் காளான்களைப் பற்றிய கட்டுரைகளாக வெளியிட்டார்கள். கப்பலேறிச் சுருங்கி வந்த சருகில் ஈரத்தின் நிறம் ஏது? பின்னர், 1905-இல் பேராதனைக்கு வந்த தாமஸ் பேட்ச், அதே மலைச்சரிவுகளில் புதிதாய்ப் பறித்த காளான்களோடு பழைய விவரணைகளை ஒப்பிட்டு வரிசையாகத் திருத்தங்கள் எழுத நேர்ந்தது. த்வெயிட்ஸ் காலத்துச் சேகரங்களையும் பேட்சின் சேகரங்களையும் ஒருங்கே பரிசீலித்து, டேவிட் பெக்லர் இலங்கையின் செவுட்காளான்களைப் பற்றிய நூலை 1986-இல் வெளியிட்டபோதுதான் அந்தக் கணக்கு ஒருவாறு நேரானது.

நூலோர் குழப்பம் ஏட்டோடு போகும்; உயிரைக் குடிக்கும் குழப்பம் ஒன்று இருக்கிறது. மத்திய ஐரோப்பியக் காடுகளில் வெட்டி விட்ட பீச், பிர்ச் அடிமரக் கட்டைகளின் மேல் கொத்துக் கொத்தாய் முளைப்பது குயெனரோமைசஸ் ம்யூட்டபிலிஸ். ரெகன்ஸ்பர்க் நகரத்துப் பாதிரியார் ஷேஃபர், 1774-இல் வர்ணப் படங்களோடு முடித்த நூலில் இதற்குப் பெயர் வைத்தார். ஜெர்மானியர் இதைச் சூப்பில் போடுவதற்கு விரும்பித் தேடுகிறார்கள். அதற்கு வேறு ஒரு கீர்த்தியும் உண்டு: துரிங்கியாவைச் சேர்ந்த வால்டர் லூதார்ட் இதைப் பீச் மரத் துண்டுகளில் வளர்த்துப் பழக்கினார், இது தின்று மிருதுவாக்கிய மரத்தைக் கிழக்கு ஜெர்மனியில் பென்சில் செய்வதற்குக்கூட உபயோகித்தார்கள்.

இதன் குடையை நனைந்த நிலையில் பார்த்தால் தேனும் பழுப்பும் கலந்த நிறம். காய ஆரம்பித்ததும் நடுமுகடு வெளிறிய மஞ்சட்பழுப்பாகி, ஓரத்தில் அகன்ற கறுத்த பட்டை மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கத்தியால் கீறினாற்போல் தெளிவாயிருக்கும். அந்த இரட்டை நிறக் கொத்தைக் கண்டதுமே காளான் வேட்டைக்காரர் முகம் மலர்ந்துவிடுகிறது. இங்கேதான் அபாயம். 1789-இல் ஜெனாவின் பாட்ச் வர்ணித்த கலெரினா மார்ஜினேட்டா என்ற காளானும் மரக்கட்டைமேல்தான் முளைக்கிறது. அதன் குடையும் தேன்பழுப்புத்தான். ஓரத்தில் அதே கோடுகள். அதுவும் நனைந்தால் அடர்ந்து, காய்ந்தால் வெளிறுகிறது. வித்துத்தூளும் அதே துருப்பழுப்பு. இரண்டு நிற எல்லை அதில் அத்தனை கூர்மையாய் விழுவதில்லை என்று சொல்வதுண்டு. ஆனால் அந்த ஒரு லட்சணத்தை நம்பி உலை வைக்கிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். பெரும்பாலும் ஊசியிலை மரக் கட்டைகளில் சிறு கூட்டங்களாக வளர்வது கலெரினா என்ற பாகுபாடும் பூரணமாய்ச் செல்லுபடியாகாது. அது இலையுதிர் மரக் கட்டைகளையும் விடுவதில்லை. இரண்டும் ஒரே கட்டையில் தோளோடு தோள் நிற்பதும் உண்டு.

அப்படியானால் எங்கே பார்ப்பது? காம்பில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காம்பில் ஒரு வளையம் உண்டு. நல்ல காளானில், வளையத்துக்கு மேற்பகுதி வெளிறி வழவழப்பாகவும், கீழ்ப்பகுதி அடிக்குப் போகப் போகக் கறுத்தும் இருக்கும். அந்தக் கீழ்ப்பகுதி முழுதும் நுனி விலகிய சின்னஞ்சிறு செதில்கள் நெருங்கி, விரலால் தடவினால் சொரசொரவென்று படும். கலெரினாவின் காம்பில் செதில் கிடையாது. பழுப்புத் தளத்தின் மேல் வெள்ளி போன்ற வெண்ணிழைகள் நெடுக்காக ஓடியிருக்கும். முகர்ந்தால் அதில் மாவு வாசனை. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் கலெரினாவின் வித்துகள் கரடுமுரடாகவும், மற்றதினுடையவை வழவழப்பாகவும் தெரிவது அசைக்க முடியாத சாட்சி. வயது முதிர்ந்து, நாள்கணக்கில் மழையில் நின்ற காம்பில் செதில்கள் உதிர்ந்துபோவதுண்டு, வளையமும் விழுந்துபோகும். அத்தகைய கிழட்டுக் காளானைத் தொடாமல் விடுவதே மேல்.

கலெரினாவில் இருப்பது அமட்டாக்ஸின் என்ற விஷம். விஷக் காளான்களில் மிகக் கொடியதென்று பெயர் பெற்ற அமனிட்டா ஃபல்லாய்டிஸில் உள்ளதும் இதுவே. கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் இது அழியாது. தின்றவருக்கு ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் பிடித்து ஆட்டும். அவை தணிந்ததும், கண்டம் தப்பியதென்று குடும்பத்தார் பெருமூச்சு விடுகிற அதே வேளையில், உயிரணுக்கள் புரதம் செய்வதற்கு வேண்டிய கட்டளைகளைப் படியெடுக்கும் வினையூக்கியை அந்த விஷம் முடக்கிப்போட்டிருப்பதால், கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். ஆகவே சந்தேகத்துக்கிடமான காளானைத் தின்றுவிட்டோம் என்று தெரிந்த உடனே, உபாதை தொடங்கக் காத்திராமல், மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தக் கலெரினா விஷயத்தில் வர்ணமும் ஈரப்பசையும் விளைத்த மயக்கம் அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் ஆட்டம்னாலிஸ் என்றும் வேறு இடங்களில் யூனிகலர் என்றும் தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டவற்றின் பாரம்பரிய மூலக்கூற்றை ஒப்பிட்டு, நார்வே தேசத்து க்ரோ குல்டனும் அவர் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, குடை வழுவழுப்பு, நிறம் முதலிய சில்லறை பேதங்களால் பிரிக்கப்பட்ட அவை யாவும் மார்ஜினேட்டா என்ற ஒரே இனந்தான் என்று கண்டது.

காட்டில் கடைப்பிடிக்க வேண்டிய முறை எளிது. பறிக்கும்போதே, பார்த்த மாத்திரத்தில் உள்ள நிறத்தையும், குடை ஓரத்துக் கோடுகளையும், முளைத்த மரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதே கொத்தில் மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என்று மூன்று பருவத்தையும், காம்பின் அடியை அறுக்காமல், வேரோடு தோண்டியாற்போல் முழுதாய் எடுக்க வேண்டும். வீட்டில் ஒரு குடையை ஈரப்பாசியில் மூடியும், இன்னொன்றை வெறுந்தட்டில் திறந்தும் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறம் எந்தத் திசையில் இறங்குகிறது, எவ்வளவு வெளிறுகிறது என்பது கண்ணுக்கு எதிரே விளங்கிவிடும். மூன்றாவது குடையைச் செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இராத்திரி முழுதும் விட்டால் வித்துத்தூளின் நிறம் காலையில் காகிதத்தில் பதிந்திருக்கும். இவையெல்லாம் இனத்தை அறிந்துகொள்ள உதவும் காரியங்கள். தின்னலாமா என்ற கேள்விக்கு இவை விடை ஆகா.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே ஜெர்மனியில் காளான் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கூடையை அவர்களிடம் நீட்டி, நல்லது கெட்டதைப் பிரித்து வாங்கிக்கொண்டு போகலாம். குயெனரோமைசஸ் என்ற அந்த மரக்கட்டைக் காளானைப் பொறுத்தவரை அவர்களுக்கு ஒரு நிரந்தரத் தொல்லை. அதன் காம்பு நாராய் இருப்பதால் சமையலுக்கு ஆகாது, ருசியெல்லாம் குடையில்தான். சிக்கனம் தெரிந்த வேட்டைக்காரர், சுமையைக் குறைக்க எண்ணிக் கத்தியால் குடைகளை மட்டும் அறுத்துச் சேர்த்து, காம்புகளைக் கட்டையிலேயே விட்டுவிட்டு வருகிறார். கூடை வந்து சேர்வதற்குள் குடைகள் பாதி காய்ந்து, ஒன்று தேன் நிறம், ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று இரண்டும் கலந்த நிறமாக, எல்லாம் ஒன்றன்மேலொன்று குவிந்து கிடக்கின்றன. செதிலோ வெள்ளியிழையோ பார்ப்பதற்கு ஒரு காம்பு இல்லை. அந்தக் கூடையைச் சோதிக்க முடியாது என்று சொல்லி, முழுவதையும் கொட்டிவிடச் சொல்வதைத் தவிர ஆலோசகருக்கு வேறு வழியில்லை.